மிசினு இன்னா சொல்லுது?

எங்க பெரியப்பா என்னைய எங்க பாத்தாலும், கல்யாண வீடா இருந்தாலும் சரி கருமாதி வீடா இருந்தாலும் சரி, மொதல்ல கேக்குறது "இன்னாம்மா, மிசினு இன்னா சொல்லுது?"ன்னு தான். சுத்தி இருக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாது, எனக்கு மட்டும் சுருக்குனு இருக்கும். கேட்டுட்டு அவரு பாட்டுக்கு வெத்தலைய மடிச்சு வாயில போட்டுட்டு போயிடுவாரு. எழுதிட்டா அந்த சுருக்கு கொஞ்சம் கொறையுமான்னு பாக்கலாம்னு தான் இது.

ஊரு பரதராமிக்குப் பக்கத்துல. குடியாத்தத்துல இருந்து சித்தூர் போற ரோட்ல ஆந்திராவுக்குள்ள நுழையறதுக்கு கொஞ்சம் முன்னாடி வருமே, அந்தப் பரதராமி. எங்க நெலத்துல நின்னு பாத்தா தெரியுற மலைக்கு அந்தப் பக்கம் ஆந்திரா, அத்தை வீடு அங்க, நாங்க மல்லாட்டன்னு சொல்ற வேர்க்கடலைய அவங்க செனக்காயம்பாங்க, பேச்சு பாதி தமிழ் பாதி தெலுங்கு. யானைக்கு மட்டும் பார்டரே கெடையாது, கவுண்டன்யா காட்டுல இருந்து எறங்கி ரெண்டு ஸ்டேட்லயும் சாப்பிட்டுட்டுப் போவும். மண்ணு செம்மண்ணு, ஒன்றரை அடி தோண்டுனா கப்பி, அதுக்குக் கீழ கடப்பாரையே எறங்காது. முழுக்க மானாவாரி. ஆடியில வெதைச்சு ஐப்பசி பொறக்கறதுக்குள்ள பிடுங்கணும், நடுவுல மூணு மாசம் வானத்த பாத்துட்டு உக்காந்திருக்கணும்.

அக்ரி படிச்சு முடிச்சுட்டு ரெண்டு சீசன் ஒரு ஆராய்ச்சிப் பண்ணையில டெம்பரரியா வேலை பாத்தேன், எந்தப் பண்ணைன்னு வேணாம் விடுங்க. வேலை என்னன்னா காலைல 8 மணிக்கு கடலை வயல்ல எறங்கணும், கையில ஸ்பாட் மீட்டர்னு ஒரு மெஷின், துணி காயப்போடற கிளிப்ப நாலு மடங்கு பெருசாக்கி அதுல ஒரு டிஸ்ப்ளே வச்சா எப்படி இருக்கும், அது மாதிரி. மேல இருந்து ரெண்டாவதோ மூணாவதோ நல்லா விரிஞ்ச எலைய புடிச்சு அந்த கிளிப்புல கவ்வ வச்சு அழுத்தணும். பீப். 38.4. கடலைக்கு ஒரு எலைன்னா நாலு சிற்றிலை, நாலையும் அளக்கணும், நடு நரம்பு மேல படக்கூடாது, பனி ஈரம் இருந்தா தொடச்சிட்டு வைக்கணும். பீப். 41.2. பக்கத்துல ஒரு அக்கா நோட்ல எழுதிட்டே வருவாங்க. ஒரு நாளைக்கு எத்தனை பீப்னு எண்ணல, ஆனா ராத்திரி தூக்கத்துல கூட காதுல கேக்கும். மெஷின் விலை லட்சத்துல, கீழ போட்டா சம்பளம் போச்சுன்னு மொத நாளே மெரட்டி வச்சிருந்தாங்க, அதனால கழுத்துல கயிறு கட்டி தாலி மாதிரி மாட்டிட்டு தான் திரிவேன்.

அது பண்றது இவ்ளோ தான். எலைக்குள்ள ரெண்டு வெளிச்சம் விடுது, ஒண்ணு 650 நானோமீட்டர் சிவப்பு, இன்னொண்ணு 940, அது நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. பச்சையம் சிவப்ப முழுங்கும், 940-ஐ சும்மா விட்டுடும். ரெண்டுல எவ்ளோ எவ்ளோ அந்தப் பக்கம் வருதுன்னு கணக்குப் போட்டு ஒரு நம்பர் காட்டுது. நம்பர் ஜாஸ்தின்னா எலை பச்சையா, தடிப்பா இருக்குன்னு அர்த்தம்.

தடிச்ச எலைக்கும் வறட்சிக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கும் மொதல்ல புரியல. செடி சாப்பிடணும்னா எலையில இருக்கற துளைய தொறந்து காத்துல இருந்து கார்பன் டை ஆக்சைடு எடுக்கணும், தொறந்தா உள்ள இருக்கற தண்ணி ஆவியா வெளிய போயிடும், வேற வழியே கெடையாது, கதவ தொறந்தா தான் வரவு, கதவ தொறந்தா செலவும் கூடவே. கடலை மாதிரி செடி ஒரு கிலோ காஞ்ச எடை சேக்கறதுக்கு சில நூறு லிட்டர் தண்ணிய இப்படி ஊதி விட்டுடுது. இதுல தடிச்ச எலைக்காரன், அதாவது ஒரே அளவு எலையில பச்சையமும் புரதமும் ஜாஸ்தி வச்சிருக்கறவன், கதவ கொஞ்சமா தொறந்தாலும் வந்த கார்பன வேகமா புடிச்சுப் போட்டுக்குவான். அதே தண்ணிக்கு ஜாஸ்தி வெளைச்சல். அதுக்குத் தான் அந்த நம்பர்.

இத நேரடியா அளக்க ஒரு வழி இருக்கு, கேட்டப்ப எனக்கு புல்லரிச்சு போச்சு. காத்துல இருக்கற கார்பன்ல நூத்துக்கு கிட்டத்தட்ட 99 சாதாரண கார்பன் 12, ஒரு பங்கு கொஞ்சம் கனமான கார்பன் 13. செடிக்கு கனமானது புடிக்காது, ஒதுக்கி வச்சிட்டு லேசானத தேடித் தேடி தின்னும், நம்ம வீட்டுப் பசங்க உப்புமாவுல கறிவேப்பிலைய ஒதுக்கற மாதிரி. ஆனா கதவ பாதி மூடிட்டா உள்ள வர்றதே கொஞ்சம், அப்ப ஒதுக்க முடியாது, வந்தத தின்னு தான் ஆகணும். அதனால எலைய காய வச்சு பொடி பண்ணி அதுல கார்பன் 13 எவ்ளோ இருக்குன்னு பாத்தா, அந்தச் செடி வாழ்ந்த காலம் பூரா கதவ எப்படி வச்சிருந்ததுன்னு தெரிஞ்சிடும். ஆஸ்திரேலியாவுல ஃபார்குவார்னு ஒருத்தர் 1980-கள்ல சக ஆட்களோட சேந்து இத கணக்கு போட்டு நிறுவினாரு, கோதுமைக்கும் பாத்தாங்க, கடலைக்கும் பாத்தாங்க. 2002-ல ட்ரைஸ்டேல்னு ஒரு கோதுமை ரகம் இந்த கார்பன் கணக்க வச்சே தேர்ந்தெடுத்து அங்க வெளிய வந்துச்சு. ஆனா அந்த கார்பன அளக்கற மெஷின் கோடிக் கணக்குல, நம்ம பக்கம் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்துல ஒண்ணு இருக்கு, ஆயிரக்கணக்கான செடிக்கு அத பண்ணிட்டிருக்க முடியாது. தடிச்ச எலையும் அந்த கார்பன் கணக்கும் கடலையில ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போவுது, எலைத் தடிப்பும் ஸ்பாட் நம்பரும் ஒத்துப் போவுது, அப்ப கோடி ரூபா மெஷினுக்கு பதிலா கழுத்துல மாட்டுற மெஷின். இப்படித் தான் நான் அந்த வயல்ல நின்னேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், எங்க ஊரு பெருமை. அனந்தபூர்னு சொன்னா மழையே இல்லாத சீமை, வருஷத்துக்கு சராசரி 550 மில்லிமீட்டர் சுத்தி தான், அங்க கடலைய விட்டா வேற கதி இல்லாம பல லட்சம் ஏக்கர்ல போடுவாங்க. அங்க தலைமுறை தலைமுறையா ஓடின ரகம் டிஎம்வி 2. டிஎம்வின்னா திண்டிவனம். 1940-ல திண்டிவனத்துல இருந்து வெளிய விட்டாங்க, ஆனா அத எதுல இருந்து பொறுக்கினாங்கன்னா 'குடியாத்தம் கொத்து'ன்னு ஒரு நாட்டுக் கடலையில இருந்து! எங்க ஊரு கடலைங்க. எங்க தாத்தா காலத்து ஆளு யாரோ சாக்குல கட்டிக் குடுத்தது தான் பார்டர் தாண்டிப் போயி அனந்தபூரையே ஆண்டிருக்கு. 2006-ல இக்ரிசாட்காரங்க, அதாவது வறண்ட நெலத்துப் பயிருக்கான சர்வதேச ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க, கொண்டு வந்த ஐசிஜிவி 91114-ங்கற ரகம் அனந்தபூருக்குன்னு ரிலீஸ் ஆச்சு, 95 நாள் வாக்குல முடிஞ்சிடும், டிஎம்வி 2-வ தள்ளிட்டு அது வரணும்னு பெரிய முயற்சி நடந்துச்சு. கதிரி ஆராய்ச்சி நிலையத்து கே-6 வேற பரவலா வந்துடுச்சு, எங்க அத்தை வீட்ல அது தான். ஆனா 1940-ல விட்ட ரகம் 60 வருஷம் தாண்டியும் வயல்ல நின்னுச்சுன்னா, அப்ப எந்த மெஷினும் இல்லாம எங்க ஆளுங்க எத பாத்து வெதைக்கு எடுத்து வச்சாங்கன்னு எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம் தான்.

சரி, மெஷின் கதைக்கு வரேன். பாசியோரான்னு ஒரு ஆஸ்திரேலியா விஞ்ஞானி 1977-ல ஒரு கணக்கு எழுதினாரு, எங்க பண்ணை சார் போர்டுல எப்பவும் அது தான் இருக்கும். வறட்சியில வெளைச்சல்னா மூணு விஷயத்த பெருக்கினது: செடி எவ்ளோ தண்ணி குடிச்சுது, குடிச்ச தண்ணிக்கு எவ்ளோ எடை போட்டுச்சு, அந்த எடையில எவ்ளோ காய்க்குப் போச்சு. பாக்க சின்னப் பிள்ளைக் கணக்கு மாதிரி தான் இருக்கும், மூணையும் ஒவ்வொண்ணா ஏத்திட்டா வெளைச்சல் ஏறிடும்னு தோணும். ஏறாது. ஒண்ண இழுத்தா இன்னொண்ணு சுருங்குது, பத்தாத போர்வை மாதிரி, தலைய மூடினா காலு வெளிய. கதவ சிக்கனமா தொறக்கறவன் தண்ணியும் கம்மியா தான் குடிப்பான். கடலையில தண்ணி சிக்கனம் ஜாஸ்தியா இருக்கற வகையில காய்க்குப் போற பங்கு கம்மியா இருக்கறதா பல சோதனையில பாத்திருக்காங்க, செடி தளதளன்னு நிக்கும், பிடுங்குனா அடியில நாலு காய் தொங்கும். பெரியப்பா பாஷையில சொன்னா "ஒடம்ப வளத்துக்கிற கழுதை".

2005-ல ஒரு ஆய்வு வந்துச்சு, இந்தியா, ஆஸ்திரேலியா ஆளுங்க, இக்ரிசாட் எல்லாம் சேந்து பண்ணது. ஒரு பக்கம் இந்த மாதிரி உள் குணத்த அளந்து தேர்ந்தெடுத்த கடலை, இன்னொரு பக்கம் பழைய மாதிரி காய மட்டும் பாத்துத் தேர்ந்தெடுத்த கடலை, ரெண்டையும் பல எடத்துல வெதைச்சு மோத விட்டாங்க. அளந்து எடுத்தவன் எல்லா எடத்துலயும் ஜெயிக்கல. மெஷினோட சுத்திட்டிருந்த காலத்துல அத நான் படிச்சிருந்தேன், படிச்சுட்டு சௌகரியமா மறந்தும் போயிட்டேன். வேலை போயிடும்னு பயமா, இல்ல நம்ம கையில இருக்கறது தான் பெருசுன்னு நெனப்பான்னு தெரியல. அப்புறம் 2009-ல ப்ளூம்னு ஒரு இஸ்ரேல்காரரு தலைப்பிலயே சண்டைக்கு வந்தாரு, வறட்சிக்கு வேண்டியது தண்ணி சிக்கனம் இல்ல, இருக்கற தண்ணிய ஒழுங்கா எடுத்துப் பயன்படுத்தறது தான்னு. மிச்சம் வச்ச தண்ணி மண்ணுலயே கெடந்து வெயில்ல போயிட்டா சிக்கனத்துக்கு என்ன பிரயோஜனம்.

காலேஜ்ல படிக்கும்போது ஒரு தடவ ஸ்டடி டூர்ல பட்டன்செரு கூட்டிட்டுப் போனாங்க, ஐதராபாத் பக்கம், இக்ரிசாட் இருக்கற எடம். அங்க ஆள் உயரத்துக்கு பிவிசி பைப் வரிசையா பூமிக்குள்ள நட்டு வச்சு, அதுக்குள்ள மண்ண ரொப்பி, ஒவ்வொரு பைப்லயும் செடி. அந்த பைப்ப அப்பப்ப சங்கிலி கப்பி போட்டு மேல தூக்கி எடை பாப்பாங்க, எடை எவ்ளோ கொறைஞ்சதோ அவ்ளோ தண்ணி செடி குடிச்சிருக்கு. கெணத்துல இருந்து குடத்த தூக்கற மாதிரி செடிய தூக்கறாங்களேன்னு நாங்க எல்லாம் சிரிச்சோம். ஆனா அதுல வந்த விஷயம் பெருசு. மொத்தமா எவ்ளோ குடிச்சுதுங்கறத விட எப்ப குடிச்சுதுங்கறது தான் வெளைச்சல முடிவு பண்ணுது. பால் புடிக்கற நேரத்துக்குன்னு கொஞ்சம் தண்ணி மண்ணுல மிச்சம் இருந்தா போதும், கதிர் தேறிடும். கம்புல சில வகை உச்சி வெயில்ல காத்து ரொம்ப காஞ்சு போனா தானே கதவ சாத்திக்குது, மத்தியானம் கடைய சாத்திட்டு சாயந்தரம் தொறக்கற செட்டியார் மாதிரி. சோளத்துல கடைசி வரைக்கும் பச்சையாவே நிக்கற வகை இருக்கு, பல பேரு அதுக்கு வேரு ஆழம்னு நெனச்சாங்க, தோண்டித் துருவிப் பாத்தா அது ஆரம்பத்துலயே கம்மியா தூர் கட்டி சின்ன எலையா வச்சு தண்ணிய கடைசிக்கு மிச்சம் புடிச்சிருக்கு. எல்லாம் ஒரே வியாதிக்கு, கடைசியில வர்ற காய்ச்சலுக்கு, அதாவது மழை நின்னு மண்ணு காயறதுக்கு.

எனக்கு அடி விழுந்தது இங்க தான்.

ரெண்டாவது சீசன் முடிஞ்சப்ப தெரிஞ்சவங்க மூலமா ஒரு வறட்சி தாங்கற ரகம் வெதை கெடைச்சுது. பேரு வேணாம், ரகம் மேல தப்பு இல்ல. பெரியப்பா கிட்ட நான் தான் போயி நின்னேன். அவரு வழக்கமா போடறது வீட்டுலயே எடுத்து வச்ச கலப்படக் கடலை, கொத்தா நிக்கற செடியும் இருக்கும் கொடியா படர்ற செடியும் இருக்கும், பாக்க ஒரு சீரா இருக்காது. "இதுக்கு மிசினு இன்னாம்மா சொல்லுச்சு?"ன்னு கேட்டாரு. 43 பெரியப்பா, உங்க கடலை 35 கூட வராதுன்னேன். எனக்கு அப்ப இருந்த திமிருக்கு அளவே இல்ல. அவரு ஒண்ணும் சொல்லல, முக்கா ஏக்கர ஒதுக்கிக் குடுத்துட்டு மிச்சத்துல தன் கடலையவே போட்டாரு.

ஆடி பொறந்ததும் வெதைச்சோம். ஆவணியில மழை நின்னு போச்சு. 10 நாள், 15 நாள், 22 நாள். மத்தவங்க கடலை எல்லாம் மத்தியானத்துல எலைய மடிச்சிக்கிட்டு வெயிலுக்கு முதுக காட்டிட்டு நின்னுச்சு, கடலை எலை அப்படித் தான், வெயில் தாங்கலன்னா நாலு சிற்றிலையும் கை கூப்பற மாதிரி சேந்துக்கும். என் முக்கா ஏக்கர் மட்டும் பச்சையா விரிஞ்சு நிக்குது. பக்கத்து நெலத்துக்காரங்க வந்து வரப்புல நின்னு பாத்துட்டுப் போனாங்க, அத்தை ஆந்திராவுல இருந்து வந்து அடுத்த வருஷத்துக்கு வெதை வேணும்னு சொல்லி வச்சாங்க. பெரியப்பா கூட டீக்கடையில என் பொண்ணு கொண்டாந்த வெதைன்னு சொன்னதா கேள்விப்பட்டேன். புரட்டாசியில மழை நல்லா புடிச்சுது, காயும் நல்லாவே வச்சுது, செடி ரெண்ட பிடுங்கிப் பாத்தப்ப எனக்கு கால் தரையில நிக்கல.

அப்புறம் ஆளு கெடைக்கல. 100 நாள் வேலை ஒரு பக்கம், கம்பெனி வேன் ஒரு பக்கம், கடலை பிடுங்க யாரும் வரல, பத்து நாள் தள்ளிப் போச்சு. ஐப்பசி மழை சரியா அன்னைக்குன்னு பாத்து எறங்குச்சு. ஒம்போது நாள் விடல, நசநசன்னு, நெலத்துல கால் வைக்க முடியல. பத்தாவது நாள் போயி ஒரு செடிய புடிச்சு இழுத்தா சுலபமா வந்துச்சு, வேர்ல காய் கொத்தா இருக்கு, ஒவ்வொரு காயோட மூக்குலயும் வெள்ளையா ஒரு நூலு நீட்டிட்டிருக்கு. மொளை. ஒரு காய ஒடச்சேன், பருப்பு ரெண்டா பொளந்து உள்ள பச்சை கூட கட்டியிருந்துச்சு. அடுத்த செடி, அதுக்கடுத்த செடி. பாதிக்கு மேல மண்ணுக்குள்ளயே மொளைச்சிடுச்சு. பெரியப்பா கலப்படக் கடலைக்குப் போனோம், அதுல கொத்துச் செடி எல்லாம் இதே கதி, ஆனா நடு நடுவுல கொடிக் கடலை இருந்துச்சே, அது ஒண்ணு கூட மொளைக்கல, கல்லு மாதிரி அப்படியே இருக்கு.

இது படிச்ச விஷயம் தான். கொடி வகை வெதைக்கு உறக்கம் உண்டு, பிடுங்கினாலும் ஈரம் பட்டாலும் சில வாரம் தூங்கிட்டு தான் எழும்பும். கொத்து வகைக்கு பெரும்பாலும் அந்த உறக்கமே கெடையாது, முத்தினதும் ஈரம் பட்டா போதும் கெளம்பிடும். ரெண்டு மூணு வாரம் தூங்கற கொத்து ரகம் வேணும்னு பிரீடிங் பண்றவங்க தனியா தேடுறாங்க, அதுவும் ஒரு பிசியாலஜி குணம் தான். நான் எல்லாத்தையும் அளந்தேன், தூக்கத்த அளக்கல. செலவே இல்லாத டெஸ்ட்டுங்க, பிடுங்குன காயில இருந்து 50 வெதை எடுத்து ஈரத் துணியில போட்டு வச்சா பத்து நாள்ல தெரிஞ்சிடும்.

பெரியப்பா திட்டல, அது தான் கஷ்டம். மொளை விட்ட காய் ஒண்ண கையில வச்சு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இன்னாம்மா, இதுக்கு மிசினு இன்னா சொல்லுச்சு?"ன்னாரு. அன்னைக்கு ஆரம்பிச்சது தான். மொளைச்சது பாதி மாட்டுக்கு, பாதி மக்கிப் போச்சு. தேறின காய ஆஞ்சி காய வச்சதுல வெதைக்காசு கூட வரல.

பண்ணை சாருக்கு போன் பண்ணி பொலம்பினேன். அவரு ஒரே கேள்வி தான் கேட்டாரு, உங்க ஊர்ல வறட்சி எப்ப வரும்மான்னு. அந்த ரகத்த சோதிச்ச எடத்துல எல்லாம் மழை புரட்டாசியோட ஓஞ்சு கடைசி மாசம் காயும், அங்க பிடுங்கும்போது மண்ணு ஓடா கெடக்கும், தூக்கம் இருந்தா என்ன இல்லாட்டி என்ன. அதே செம்மண்ணு, 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி எங்க ஊருக்கு வந்தா வியாதியே வேற, நடுவுல காய்ச்சல், கடைசியில சளி. அனந்தபூர் மருந்த குடியாத்தத்துக்காரனுக்குக் குடுத்திருக்கேன். வறட்சி தாங்கும்னு சாக்குல ஒட்டியிருந்தா எந்த வறட்சின்னு கேக்கணும், அத யாரும் எழுதறதில்ல, கேக்கறதும் இல்ல.

நெல்லுல வெள்ளம் தாங்கறதுக்கு இந்தத் தலைவலி இல்ல பாருங்க. ஒடிசாவுல எஃப்ஆர்13ஏன்னு ஒரு நாட்டு நெல், தண்ணியில முழுகினா மத்த நெல்லு மாதிரி மூச்சு முட்ட மேல மேல வளந்து தெம்ப தொலைக்காது, அசையாம அடங்கிக் கெடக்கும், ரெண்டு வாரம் கழிச்சு தண்ணி வடிஞ்சதும் எழுந்துக்கும். அந்த அடக்கத்துக்குப் பின்னாடி இருக்கற சப்1ஏ ஜீன 2006-ல கண்டுபுடிச்சாங்க, ஆந்திரா மாருட்டேருல பொறந்த சுவர்ணா நெல்லுல அத கொண்டு வந்து சேத்து 2009-ல சுவர்ணா சப்1 நம்ம நாட்டுல ரிலீஸ் ஆச்சு. வெள்ளம்னா வெள்ளம், மேல தண்ணி, கீழ செடி, வியாதி ஒண்ணு, மருந்து ஒண்ணு. வறட்சி அப்படி இல்லியே. ஜப்பான்காரங்க 2013-ல நெல்லு வேர நேரா ஆழத்துக்கு எறக்கற ஒரு ஜீன, டிஆர்ஓ1, பிலிப்பைன்ஸ் நாட்டு நெல்லுல இருந்து எடுத்துக் காட்டினாங்க, அடியில ஈரம் இருக்கற மண்ணுக்கு தங்கம் மாதிரி விஷயம். எங்க மண்ணுல ஒன்றரை அடியில கப்பி, வேரு ஆழமா போயி யார பாக்கப் போவுது?

அதுக்கப்புறம் நான் மெஷின விட்டுட்டு ஒரு நோட்டு போட்டேன். மழை நோட்டு. வாயும் அடியும் ஒரே அகலமா இருக்கற டப்பாவும் ஸ்கேலும் தான், பெரியப்பா காலைல பாத்து போன்ல சொல்வாரு, நான் எழுதுவேன். வெதைச்ச நாள ஒண்ணுன்னு வச்சு எத்தனாவது நாள்ல எத்தனை நாள் காய்ஞ்சுதுன்னு. நாலு வருஷம் ஆச்சு. இதுல அவரு தான் வாத்தியார்னு தெரிஞ்சுக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. மொளைச்சு 20 நாள்ல இருந்து கொஞ்சம் காய விட்டா கடலைக்கு நல்லதும்பாரு, கொடி அலையாது, அப்புறம் மழை வந்ததும் பூ ஒரே மூச்சா கொட்டும்னு. இக்ரிசாட்ல 80-கள்லயே ஆரம்பக் காய்ச்சலுக்கு அப்புறம் தண்ணி விட்டா வெளைச்சல் ஏறுதுன்னு பாத்திருக்காங்க, அவருக்கு அது தெரியாது, அவங்க அப்பா சொன்னது.

அவரு பயப்படறது 40 நாளுக்கு மேல வர்ற காய்ச்சலுக்கு. கடலை பூக்கறது மேல, காய்க்கறது கீழ. பூ உதிர்ந்ததும் அதோட அடியில இருந்து ஒரு விழுது ஊசி மாதிரி கெளம்பி மண்ண பாத்து எறங்கும், மண்ணுக்குள்ள போயி இருட்டுல தான் காயா பெருக்கும். மேல் மண்ணு காஞ்சு ஓடாயிட்டா வேர்ல எவ்ளோ ஈரம் இருந்தாலும் ஊசி குத்த முடியாது, அந்தரத்துலயே நின்னு கருகிடும். குத்திட்டாலும் போதாது, காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து வேரு வழியா மேல போயி எறங்கி வராது, காயே தன் தோலால சுத்தி இருக்கற மண்ணுல இருந்து உறிஞ்சணும், அதுக்கும் மேல் மண்ணு ஈரம் வேணும், இல்லன்னா பொக்கு தான். அதுக்குத் தான் ஜிப்சம் போட்டு மண்ண அணைக்கிறது. எலைய அளந்துட்டிருந்த ரெண்டு வருஷத்துல நான் ஒரு நாள் கூட குனிஞ்சு ஊசிய எண்ணல, யாரும் எண்ணச் சொல்லவும் இல்ல. எங்க ஊருக்கு ஒரு குணம் பாத்துத் தரச் சொன்னா காஞ்ச மண்ண குத்தற ஊசியும், மூணு வாரத் தூக்கமும் தான் கேப்பேன், எலைத் தடிப்பு மூணாவதா வரட்டும்.

போன வருஷம் பெரியப்பா கலப்படக் கடலையில தூங்கற செடியா பாத்து பொறுக்கி 11 வரிசை தனியா போட்டோம், குச்சி நட்டு பெயிண்ட்ல நம்பர் எழுதி. ஒரே ராத்திரியில காட்டுப்பன்னி வந்து ஒழுது போட்டுடுச்சு, குச்சி எல்லாம் ஒரு மூலையில. எந்த வரிசை எதுன்னு யாருக்கும் தெரியல, மிஞ்சினத ஒண்ணா கட்டி வச்சோம். பன்னி தாங்கற ரகத்துக்கு எவனாவது ஜீன் கண்டுபுடிச்சா மொத ஆளா போயி நிப்பேன்.

இந்த வருஷம் அதையே திருப்பிப் போட்டிருக்கு, வேலியில பழைய சேலை கட்டி. முந்தாநாள் சாயந்தரம் போன் வந்துச்சு.

"மழை நின்னு 14 நாளு ஆச்சும்மா. எல மடிச்சிக்கினு நிக்குது."

"எத்தனாவது நாளு பெரியப்பா?"

"நாப்பத்தி ஆறு."

"ஊசி எறங்கிச்சா?"

"இரு, குனிஞ்சு பாத்து சொல்றேன்"ன்னாரு. போன கீழ வச்சிட்டாரு போல, செடி ஒரசற சத்தம், அவரு முனகற சத்தம், தூரத்துல எவனோ தெலுங்குல மாட்ட திட்டற சத்தம். ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம் எடுத்தாரு.

"பாதி குத்தியிருக்கு. பாதி அந்தரத்துல தொங்குது. எத்தினின்னு எண்ணணுமா?"

"எண்ணுங்க பெரியப்பா, எழுதிக்கறேன்."